பூஞ்சணம் பிடித்த தீனை வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடுமா?

"பூஞ்சணம் பிடித்த சோளத்தை இரண்டு நாள் வெயிலில் போட்டால் போதும், கோழிக்குக் கொடுக்கலாம்" என்ற செய்தி இந்த மாரியிலும் யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பாதீர்கள்.

வெயில் பூஞ்சணத்தைக் காயவைக்கும், வாடையும் போகும். ஆனால் பூஞ்சணம் ஏற்கெனவே தீனுக்குள் விட்டுப்போன அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு முழுதாகப் போகாது. அவித்தாலும் போகாது, அது அழிய 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான், அவை தின்ற கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது.

கோழி உடனே சாகாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈரல் கெடும், முட்டை குறையும், நோய் எதிர்ப்பு தளரும். தடுப்பூசி போட்டும் நோய் வரலாம். தாராக் குஞ்சுகள் இன்னும் சீக்கிரம் சாகும். நஞ்சில் கொஞ்சம் முட்டைக்கும் ஈரலுக்கும் வரும், அதை நம் பிள்ளைகள்தானே சாப்பிடுகிறார்கள்?

கட்டிபட்ட தீனை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தள்ளிவிடாமல் புதைத்துவிடுங்கள். மூட்டையைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். மாரியில் கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்குங்கள்.