லீ குவான் யூ மகனிடமா ஆட்சியை ஒப்படைத்தார்?

‘சிங்கப்பூரைச் செதுக்கிய லீ குவான் யூ, விலகிய அன்றே மகனைப் பிரதமராக்கினார்’ என்று, கும்பிடும் கைப் படங்களோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. மதிப்பு நியாயம்தான், தகவல் தவறு.

1990 நவம்பர் 28 அன்று லீ குவான் யூ விலகியபோது பிரதமரானவர் கோ சோக் டோங். நாற்காலியைச் சில மாதம் காத்துக்கொடுத்தவர் அல்லர். ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆண்டார். அடுத்த பிரதமராக லீயின் முதல் விருப்பம், அமைச்சராக இருந்த டோனி டான். இதை லீயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இளைய அமைச்சர்கள் கோ சோக் டோங்கைத் தேர்ந்தெடுத்தார்கள், லீ ஏற்றுக்கொண்டார்.

மகன் லீ சியன் லூங் 1990இல் ஆனது துணைப் பிரதமர். குழப்பம் அங்கே பிறந்திருக்கலாம். பிரதமரானது 2004 ஆகஸ்ட் 12இல். வாரிசு அரசியல் என்று விமர்சிப்பவர்களும் தேதியைச் சரியாகச் சொல்லலாமே.

சிங்கப்பூர் பிரதமர் அலுவலக இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.