ஒரு நோயாளி, இரண்டு கணக்கு

போன மார்கழி மழைக்குள்ள அம்மாவுக்குச் சளிக்காய்ச்சல். ஓர் ஆஸ்பத்திரியில் விட்டோம். டெங்குக் காலம், வாட்டு நிரம்பி வழிஞ்சது. இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் விரிச்சுத்தான் அம்மா படுத்தா. மிஸ்ஸிமாரைக் குறை சொல்ல மாட்டன். அந்த இரவு முழுக்க அவையள் ஒருக்காலும் கதிரையில் இருந்ததை நான் காணேல்லை. மூன்றாம் நாள் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. திரும்ப அதே வாட்டு.

அம்மா ஒராள். ஆனால் பதிவில் இரண்டு அனுமதி. சராசரித் தங்கல் நாள் குறைந்திருக்கும், பார்த்த நோயாளிகளின் தொகை கூடியிருக்கும். பாதியில் அனுப்பியது கணக்கில் முன்னேற்றமாக ஏறுது. இதை என்னால் ஏற்க முடியேல்லை.

வைத்தியசாலைகளின் செயல்திறனை அளக்க உலகெங்கும் பாவிக்கிற ஒரு முறை, 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் கொண்டுவந்தது. டொக்டர்மார், தாதியர், கட்டில் ஒரு பக்கம். பார்த்த நோயாளிகள், செய்த சத்திரசிகிச்சைகள் மறுபக்கம். இருக்கிற வளத்தில் ஆகக் கூடச் செய்த ஆஸ்பத்திரிக்கு 1. மற்றவைக்கு அதோடு ஒப்பிட்டுப் புள்ளி. நல்ல முறைதான். ஆனால் முன்னுக்கு நிற்கிற ஆஸ்பத்திரியின் எண் பிழைத்தால் அதோடு ஒப்பிட்ட எல்லாவற்றின் புள்ளியும் பிழைக்கும்.

எங்கட எண்கள் எது உறுதி? தாதியர் எத்தனை பேர்: ஆளணிப் பட்டியலில் உள்ளவர்களா, அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களா? 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போனவர்களைக் கழித்தாச்சா? கட்டில் என்றால் பாயும் சேர்த்தியா? இப்படியான இடத்துக்கென்றே, ஒற்றை எண்ணை விட்டு 'இதிலிருந்து இதுவரை' என்று வீச்சாக எடுத்துக் கணிக்கிற வழிகள் இருக்கு. ஆம், இல்லை என்று வெட்டாமல் 'ஓரளவு' என்பதையும் கணக்கில் எடுக்கிற, பேராசிரியர் லொத்பி சாதே 1965இல் எழுதிய ஃபசி கணக் கோட்பாட்டையும் இதற்குப் பாவிக்கிறார்கள். விடையும் வீச்சாகத்தான் வரும். வரட்டும், அதுதான் நேர்மை.

கடல் தாண்டிப் போகிற நெடுந்தீவை நினைச்சுப் பாருங்கோ. அங்க வெறுங்கட்டில் கிடந்தால் புள்ளி குறையும். கடல் கொந்தளிக்கிற இரவில் ஒரு பிள்ளைத்தாச்சியை அக்கரையில் இருக்கிற குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஏற்ற முடியாமல் போனால், அந்தக் கட்டிலும் அங்க நிற்கிற டொக்டரும் மட்டும்தான் துணை. வரப்போவது தெரியாத இடத்தில் காத்திருப்பதும் வேலைதான். அதை வீண் என்று எழுதி ஆளைக் குறைத்தால் யார் பொறுப்பு?

அளக்க வேண்டாம் என்று நான் சொல்லேல்லை. மழை மாதங்களைப் புறம்பாக அளவுங்கோ. சிறிய தீவு ஆஸ்பத்திரியை, மன்னார், முல்லைத்தீவிலிருந்தெல்லாம் கடுமையான நோயாளிகளை ஏற்கிற யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியோடு ஒரே தராசில் வையாதேங்கோ. அம்மாவை இரண்டாம் முறை பதியும்போது, 'போன கிழமையும் இங்கதானே இருந்தீங்கள்?' என்று ஒருவரும் கேட்கேல்லை. அந்தக் கேள்விக்குப் பதிவில் ஓர் இடம் விடுங்கோ.