ஸ்பேனியல் காதுக்கு எந்த டிராப்ஸ்னு கேக்குறவங்களுக்கு

மாசத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸ்ல வந்து காது போட்டோ அனுப்புறாங்க. உள்ள பிரவுன் கலர்ல அழுக்கு, சிவந்துபோன மடல், கீழ ஒரே கேள்வி, "உங்க மிளகுக்கு என்ன டிராப்ஸ் போட்டீங்க, பேரு மட்டும் சொல்லுங்க". நான் பேரு சொல்றதில்ல. திமிருன்னு நினைச்சாலும் பரவால்ல. இதே கேள்வியை நானும் கண்டவங்ககிட்டல்லாம் கேட்டு, அவங்க சொன்னதையெல்லாம் ஊத்தி, எங்க வீட்டு காக்கர் ஸ்பேனியல் மிளகு ரெண்டு வருஷம் வலியோட சுத்தினா.

மிளகுக்கு முதல் தடவை காதுப் பிரச்சனை வந்தது ஒன்றரை வயசுல. தலையை உதறிக்கிட்டே இருந்தா, பின்னங்காலால சொறிஞ்சுட்டு அந்தக் காலையே மோந்து பாப்பா, பக்கத்துல படுத்தா ஒரு புளிச்ச வாடை. வெட்கிட்ட, அதாவது கால்நடை டாக்டர்கிட்ட போனோம். அவரு வெளிய இருந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "ஸ்பேனியல்னா இப்படித்தாங்க, காது தொங்குது, காத்து போகாது"ன்னு சொல்லி டிராப்ஸ் எழுதிக் குடுத்தாரு. ரெண்டு வாரம் போடணும்னு சொன்னாரு, நாலாவது நாள் வாடை போயிடுச்சு, நான் நிறுத்திட்டேன். இது முழுக்க என் தப்பு. ஆறு வாரத்துல திரும்ப வந்துச்சு, மிச்சம் இருந்த பாட்டில்லயே ஊத்தினேன். அப்புறம் புது பாட்டில், அதே மருந்து. இப்படியே ஆறு தடவையோ ஏழு தடவையோ, எண்ணுறதையே விட்டுட்டேன். கடைசில நான் பாட்டில் இருக்குற அலமாரியைத் திறந்தாலே சோஃபாக்கு அடியில போய் உறும ஆரம்பிச்சா. யாரையும் ஒரு தடவை கூட உறுமாத நாய்ங்க அவ. நான் என்ன நினைச்சேன்னா, வயசு ஆக ஆக பிடிவாதம் ஜாஸ்தியாகுதுன்னு.

இந்த "காது தொங்குது அதான்"ங்குற பதில் மேலதான் எனக்கு இவ்ளோ கோவம். பொய்னு சொல்லல, பாதி உண்மை. நாயோட காதுக்குழாய் நம்மளது மாதிரி நேரா உள்ள போகாது, முதல்ல கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும், ஆங்கில எழுத்து எல் மாதிரி. அந்த வளைவுக்கு அப்புறம், கடைசிலதான் செவிப்பறை. காக்கருக்கு அந்தக் குழாய்க்குள்ள முடியும் ஜாஸ்தி, மெழுகு சுரக்குற சுரப்பிகளும் ஜாஸ்தி, மேல கம்பளி மாதிரி ஒரு மடல் மூடிக்கிட்டு நிக்குது. உள்ள சூடும் ஈரமும் தங்கும், கிருமிக்கு வசதியான இடம். பிரிட்டன்ல 2016ல வெட் கிளினிக்குகளுக்கு வந்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களோட பதிவுகளை எடுத்துப் பாத்தப்போ ஒரே வருஷத்துல 7.3 சதவீத நாய்களுக்கு காது அழற்சி இருந்திருக்கு, நிமிர்ந்த காதோட ஒப்பிட்டா தொங்கு காதுக்கு ஆபத்து தெளிவாவே அதிகமா இருந்துச்சு. சரி, ஒத்துக்கறேன்.

ஆனா மிளகோட கூடப்பொறந்தவன் ஒருத்தன் எனக்குத் தெரிஞ்ச வீட்டுல வளர்றான். அதே அம்மா, அதே தொங்கு காது, இவளை விட முடி ஜாஸ்தி. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட காதுப் பிரச்சனை வந்ததில்ல. காது தொங்குறதுதான் காரணம்னா அவனுக்கு ஏன் வரல? நிமிர்ந்த காது இருக்குற ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் காது சீழ் பிடிக்குது, அதுக்கு என்ன சொல்றது? தொங்கு காது வியாதிக்கு வழி விடும், அவ்ளோதான், வியாதியை ஆரம்பிச்சு வைக்கிறது பெரும்பாலும் வேற ஒண்ணு.

அந்த வேற ஒண்ணு பல நாய்ங்களுக்கு அலர்ஜி. காதுக்குழாய்ங்குறது தனி உறுப்பு இல்ல, உடம்புத் தோலே உள்ள மடிஞ்சு போய் குழாயா இருக்கு, அதனால தோல்ல வர்ற அலர்ஜி காதுக்குள்ளயும் வரும், சில நாய்ங்களுக்கு காதுல மட்டும்தான் தெரியும். தூசிப்பூச்சி, பூந்தாது மாதிரி சுத்துப்புறத்துல இருக்குறதும் சரி, சாப்பாடும் சரி. மிளகு ராத்திரி ராத்திரி பாதத்தை நக்கிக்கிட்டே இருப்பா, கால் முடி துருப்பிடிச்ச கலர் ஆகியிருந்துச்சு, அக்குள்ல சிவப்பு. எல்லாத்தையும் பாத்தேன், எதையும் காதோட சேத்து யோசிக்கல. "அது அவ பழக்கம்"னு சிரிச்சுக்கிட்டே வீடியோ வேற எடுத்து போட்டிருக்கேன், உங்கள்ல சிலர் லைக் கூட போட்டீங்க.

அலர்ஜி மட்டும்னும் சொல்லிட முடியாது. குட்டிக்கு காதுப்பூச்சி இருக்கலாம், அதுல காபித்தூள் மாதிரி கறுப்பா உதிரும். நடுவயசு காக்கர்னா தைராய்டு குறைஞ்சிருக்கலாம். நல்லா இருந்த நாய் புல்வெளில ஓடிட்டு வந்த உடனே ஒரு பக்கம் மட்டும் தலையை பைத்தியம் மாதிரி உதறினா புல் விதை உள்ள போயிருக்க வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், அன்னைக்கே தூக்கிட்டு போங்க, அது உள்ள நகர்ந்து செவிப்பறையைக் கூட கிழிக்கும்.

எங்களுக்கு விடிவு வந்தது ரெண்டாவது வெட்கிட்ட. அவங்க முதல்ல டிராப்ஸ் பத்தியே பேசல. ரெண்டு காதுலயும் தனித்தனியா ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சில அழுக்கு எடுத்து, கண்ணாடி ஸ்லைடுல உருட்டி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல வச்சாங்க, பத்து நிமிஷம் ஆகியிருக்கும். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. இடது காதுல குட்டிக் குட்டி காலடித் தடம் மாதிரி நிறைய, அது மலசீசியாங்குற ஈஸ்ட். வலது காதுல குச்சி குச்சியா பாக்டீரியா. ஒரே நாய், ரெண்டு காதுல ரெண்டு வேற பிரச்சனை, நான் ரெண்டு வருஷமா ரெண்டுலயும் ஒரே பாட்டிலை ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்! குச்சி வடிவம்னா சூடோமோனாஸா இருக்கலாம், அது பல ஆண்டிபயாடிக்குக்கு அடங்காது, அதனால கல்ச்சருக்கு, அதாவது லேப்ல கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு கேக்கும்னு பாக்குற டெஸ்டுக்கு அனுப்பினாங்க. வந்த ரிசல்ட்டும் அதேதான், அதுவும் நான் அரைகுறையா ஊத்தி ஊத்தி நிறுத்தின மருந்துக்கு கேக்காத ரகம்.

இன்னொண்ணும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. செவிப்பறை முழுசா இருக்கான்னு பாக்காம எல்லா டிராப்ஸும் ஊத்தக்கூடாது. ஓட்டை இருந்தா ஜென்டாமைசின் மாதிரி சில மருந்து உள்காதுக்குப் போய் கேக்குற சக்தியையும் பேலன்ஸையும் கெடுக்கலாம். மிளகுக்கு குழாய் வீங்கி அடைச்சுக்கிட்டு செவிப்பறையே தெரியல, அதனால முதல்ல ஸ்டீராய்டு மாத்திரை குடுத்து வீக்கத்தை இறக்கினாங்க, அப்புறம் மயக்கம் குடுத்து ஆழமா கழுவி, காதுக்குள்ள பாக்குற ஓட்டோஸ்கோப் விட்டுப் பாத்து, அதுக்கப்புறம்தான் மருந்து. ஸ்டீராய்டுன்னதும் நான் பயந்து வாக்குவாதம் பண்ணேன். வீங்கி மூடின குழாய்க்குள்ள எந்த மருந்தை ஊத்தினாலும் அது மேலயே நிக்கும், கீழ போகாதுன்னு அவங்க பொறுமையா சொன்னாங்க, அப்புறம்தான் அடங்கினேன். முக்கியமான விஷயம், வாடை போனதும் முடியல. திரும்ப வரச்சொல்லி ஸ்லைடு பாத்து, ஸ்லைடு சுத்தமாற வரைக்கும் மருந்து போட்டோம். எங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

அப்புறம் சாப்பாட்டு சோதனை. எட்டு வாரம் ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன் (அலர்ஜி கிளப்பாத அளவுக்கு பொடிப்பொடியா உடைச்ச புரதம்) சாப்பாடு மட்டும், பிஸ்கட் கிடையாது, எலும்பு கிடையாது, இறைச்சி வாசனை போட்ட பூச்சி மாத்திரை கூட மாத்திக் குடுத்தாங்க. வீட்டுல இருக்குறவங்க திருட்டுத்தனமா ஒரு துண்டு போட்டா மொத்தமும் வீண், எங்க வீட்டுல மூணாவது வாரம் அதுவும் நடந்துச்சு, பேரு சொல்ல மாட்டேன், முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். முடிஞ்சதும் பழைய சாப்பாட்டைத் திரும்பக் குடுத்துப் பாக்கணும், அதைச் செஞ்சாதான் சோதனையே முழுசாகும், பல பேரு இதை விட்டுடுறாங்க. மிளகுக்கு சிக்கன் குடுத்த நாலாவது நாள் மடல் சிவந்து பாதம் நக்க ஆரம்பிச்சா. அதுக்காக எல்லா ஸ்பேனியலுக்கும் சிக்கன் ஆகாதுன்னு ஷேர் பண்ணிடாதீங்க, உங்க நாய்க்கு மாட்டிறைச்சியோ பாலோ இருக்கலாம், சாப்பாடே காரணமா இல்லாமலும் இருக்கலாம்.

சுத்தம் பண்றது பத்தி தனியா கேப்பீங்க. காட்டன் பட்ஸ் வேணவே வேணாம், அது அழுக்கை அந்த வளைவுக்கு அந்தப்பக்கம் தள்ளி கெட்டிப்படுத்துற கருவி. ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர், ஸ்பிரிட் இதெல்லாம் புண்ணான காதுல ஊத்துறது, நம்ம கண்ணுல மிளகாய்ப்பொடி தூவுற மாதிரிதான். நாய்க்குன்னே இருக்குற இயர் கிளீனர் எடுங்க, பாட்டிலை கொஞ்ச நேரம் கைக்குள்ள வச்சு குளிர்ச்சியைப் போக்குங்க, மடலைத் தூக்கிப் பிடிச்சு குழாய் நிறையுற அளவுக்கு தாராளமா ஊத்துங்க, காதோட அடியை அரை நிமிஷம் பிசைங்க, சளக் சளக்னு சத்தம் வரணும், வரலன்னா உள்ள போகலன்னு அர்த்தம். அப்புறம் கையை எடுத்துட்டு நகர்ந்து நின்னுக்கோங்க, அவங்க உதறுற உதறல்ல உள்ள இருக்குறது மேல வரும். சுவரெல்லாம் தெறிக்கும், அதனால குளியலறை உத்தமம். விரல்ல பஞ்சு சுத்தி, விரல் போற வரைக்கும் துடைங்க, போதும். டிராப்ஸ் போடணும்னா கொஞ்சம் காய விட்டு அப்புறம் போடுங்க.

தினமும் கழுவுறவங்களும் இருக்காங்க, அதுவும் தப்பு. ஆரோக்கியமான காதுல தோலே உள்ள இருந்து வெளிய நகர்ந்து அழுக்கைத் தள்ளிக்கிட்டு வரும், சும்மா சும்மா ஈரம் பண்ணா அந்தத் தோல் ஊறிப்போய் வேலை செய்யாது. பிரச்சனை வர்ற காதுக்கு வாரம் ஒரு தடவை, நல்ல காதுக்கு மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பாத்து தேவைன்னா மட்டும். நீச்சல் போனா, குளிச்சா அன்னைக்கு காய வைக்கணும். மடலுக்கு உள்பக்கமும் துவாரத்தைச் சுத்தியும் முடியை ஒட்ட வெட்டுங்க, குழாய்க்குள்ள இருக்குற முடியைப் பிடுங்காதீங்க, பிடுங்கின இடம் புண்ணாகி அதுல இருந்தே ஆரம்பிக்கும். தண்ணி கிண்ணம் குறுகலா ஆழமா இருந்தா காது முங்காது.

"சும்மா காதுதானே"ன்னு விட்டா எங்க போய் நிக்கும்னு தெரிஞ்சுக்கோங்க. உதறி உதறி மடல்ல ரத்தக்குழாய் உடைஞ்சு மடலே பலூன் மாதிரி வீங்கும். வருஷக்கணக்குல அழற்சி இருந்தா குழாய்ச் சுவர் தடிச்சு, குருத்தெலும்புல சுண்ணாம்பு படிஞ்சு கல்லாகும், அதுக்கப்புறம் எந்த டிராப்ஸும் உள்ள போகாது, முழுக் குழாயையும் ஆபரேஷன்ல எடுக்குறதுதான் மிச்சம், அந்த ஆபரேஷன் டேபிள்ல அடிக்கடி படுக்குற ரகம் காக்கர். தலை ஒரு பக்கமா சாயுறது, தள்ளாடுறது, கண்ணு துடிக்கிற மாதிரி ஓடுறது, வாயைத் திறக்க வலிக்கிறது, முகம் ஒரு பக்கம் தொங்குறது, இதுல ஒண்ணு பாத்தாலும் நடுக்காது உள்காது வரைக்கும் போயிருக்கலாம், மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

மிளகுக்கு முழுசா குணமாயிடுச்சான்னா, இல்ல. அலர்ஜி போகாது. சாப்பாட்டை மாத்தினதுக்கு அப்புறமும் வருஷத்துல ஒரு சீசன்ல காது சிவக்கும், அதுக்கு வெட் சொன்னபடி வாரம் ரெண்டு நாள் லேசான ஸ்டீராய்டு டிராப்ஸ் போடுறோம். கடைசியா சீழ் வச்சு பதினாலு மாசம் ஆச்சு. அலமாரியைத் திறந்தா இப்போ சோஃபாக்கு அடியில ஓடுறதில்ல, முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு குளியலறைக்கு முன்னாடி போய் உக்காந்துக்கறா, அது வேற ரக நாடகம்.

அதனால இன்பாக்ஸுக்கு வர்றவங்க போட்டோவை விட்டுடுங்க. ஸ்லைடு பாத்தாங்களா, அதுல என்ன இருந்துச்சு, செவிப்பறை தெரிஞ்சுதா, பாதம் நக்குதா, இதை எழுதி அனுப்புங்க, ராத்திரி எத்தனை மணியானாலும் பேசுறேன். ஸ்லைடே பாக்கலன்னா என்கிட்ட கேக்காதீங்க, வெட்கிட்ட "ஒரு தடவை மைக்ரோஸ்கோப்ல பாத்துடலாமா"ன்னு கேளுங்க. நான் ரெண்டு வருஷமா கேக்காம விட்ட கேள்வி அது.