செவ்வந்திக்கு ராத்திரியில் பல்பு வேண்டாம்
"செவ்வந்தி மொட்டு விடலைன்னா ராத்திரி எல்.இ.டி. பல்பு போட்டு விடுங்க, சீக்கிரம் பூக்கும்" என்று சிலர் சொல்லும் யோசனை தலைகீழ். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். செவ்வந்தி இருட்டை அளந்து பூக்கும் செடி; நீண்ட இருட்டு இடைவிடாமல் கிடைத்தால்தான் மொட்டு விடும். பூ தாமதமாக வரவேண்டும் என்றால்தான் வணிகத் தோட்டங்களில் இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்கு போடுகிறார்கள்.

காரைக்குடிப் பக்கம் மொட்டு வராத தொட்டிகள் பெரும்பாலும் முகப்பு விளக்குக்கோ தெருவிளக்குக்கோ நேரே இருக்கும். வீட்டின் உள்கட்டான வளவு முற்றத்திலும் விடிய விடிய விளக்கு எரிந்தால் அதே கதிதான். மாலை 6 முதல் காலை 7 வரை வெளிச்சமே படாத இடத்துக்கு மாற்றுங்கள். மொட்டில் நிறம் தெரியும்வரை ஒரு நாளும் விடாமல். கறுப்புத் துணி போர்த்துவதானால் வெயில் தாழ்ந்த பிறகு போர்த்துங்கள், உள்ளே புழுங்கினால் மொட்டு இன்னும் தள்ளிப்போகும். பகலில் நல்ல வெயில் கட்டாயம். இருட்டு ஒழுங்கானதிலிருந்து பூக்க, ரகத்தைப் பொறுத்து, 8 முதல் 10 வாரம் ஆகலாம்.

மாலை கட்டப் பறிப்பதானால், வெளி இதழ்கள் முழுக்க விரிந்து நடுப்பகுதி இறுக்கமாக இருக்கும்போது, காலையில் பனி ஈரம் காய்ந்ததும் பறியுங்கள். ஈரத்தோடு கூடையில் அமுக்கினால் அழுகிவிடும்.