எலிக்குக் குறைந்த சர்க்கரை

சிறுகுறிஞ்சான் இலையை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகின்றன. நாக்கில் மறைந்தது ரத்தத்திலும் மறையும் என்று நம்பிவிடுவது எவ்வளவு எளிது! என் பெரியம்மா அப்படித்தான் நம்பினார். சிறுகுறிஞ்சான் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று யாரோ அனுப்பிய செய்தியைப் படித்துவிட்டு இன்சுலினை நிறுத்தி இலைப்பொடிக்கு மாறினார். நினைவு தப்பிய நிலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அந்தச் செய்தியில் "ஆய்வில் நிரூபணம்" என்று இருந்தது. முதுகலை படிக்கும்போது நானே அந்த மாதிரி ஆய்வு செய்தவள் என்பதால் சொல்கிறேன். எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளை ஊசியாகப் போடுவோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, இரண்டு மூன்று நாளில் சர்க்கரை ஏறிவிடும். அப்புறம் சில வாரங்கள் இலைச்சாறு கொடுத்து அளப்போம். குறைந்தால் சந்தோஷம், கட்டுரை தயார். ஆனால் பெரும்பாலான மனிதர்களுக்கு வருவது வகை 2 சர்க்கரை நோய். இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காமல், வருடக்கணக்கில் மெல்ல முற்றுகிற நோய். இரண்டு நாளில் ஊசியால் வரவழைத்த நோய் அதற்கு ஈடாகுமா? அளவையும் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் என்றால், எலி அளவை மனித அளவாக மாற்றும் வழக்கமான கணக்குப்படி (கிலோவுக்குச் சுமார் ஆறில் ஒரு பங்கு) 60 கிலோ மனிதருக்குத் தினம் கிட்டத்தட்ட 4 கிராம் வடிசாறு. பச்சை இலை அல்ல, செறிவூட்டிய சாறு!

மனிதர்களிடம் சோதிக்கவே இல்லையா என்றால், சோதித்திருக்கிறார்கள். சென்னையில் செய்து 1990இல் வெளியான ஆய்வில், வகை 2 நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மில்லிகிராம் சாறு எடுத்தார்கள். 18 முதல் 20 மாதம் வரை. ஐந்து பேரால் மாத்திரையையே விட முடிந்தது. எனக்கு இன்றும் உற்சாகம் தருகிற முடிவு இது. ஆனால் 22 பேர் போதாது. யாருக்குச் சாறு, யாருக்கு மருந்தில்லாத வெறும் பொடி என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல், சில நூறு பேரிடமாவது செய்ய வேண்டும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் பார்க்க வேண்டும். கல்லீரலையும் பார்க்க வேண்டும், இந்த மூலிகையால் கல்லீரல் பாதித்த நோயாளி பற்றிய பதிவு இருக்கிறது.

இதைக் கேட்டால் நம் மருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்கிறார்கள். சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வேர் எங்கே? கலேகா என்ற செடியில். அதிலிருந்த பொருள் சர்க்கரையைக் குறைத்தது, கூடவே நஞ்சாகவும் இருந்தது. அதன் உறவுப் பொருளான மெட்ஃபார்மினை 1922இல் உருவாக்கினாலும், பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மனிதர்களிடம் சோதித்து வெளியிட்டது 1957இல்தான். அந்தப் பொறுமையைச் சிறுகுறிஞ்சானுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போதே இலை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையும் இலையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.