பில்லில் இல்லாத பணத்தை எதற்குக் கேட்கிறீர்கள்?

வண்டி வாங்குவதென்று வீட்டில் பேசி முடிவு செய்து, பணத்தையும் சேர்த்துக்கொண்டு, எந்த மாடல், என்ன நிறம் என்பது வரை தீர்மானித்துவிட்டுத் தானாகவே ஷோரூம் படியேறி வருகிற ஒருவரை எதற்காக இப்படி நெருக்குகிறார்கள்? இந்தக் கேள்வி என் மனத்தில் வெகுநாளாக இருந்தது. அக்கா மகனுக்கு ஸ்கூட்டர் வாங்கிய கதையைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு எனக்கு விடை தெளிவாகத் தெரிந்துவிட்டது. வண்டியை விற்பதற்காக யாரும் நம்மை நெருக்குவதில்லை. வண்டி எப்படியும் விற்றுவிடும். வண்டியோடு சேர்த்து நம் தலையில் கட்டுகிற மற்ற எல்லாவற்றுக்காகவும்தான் அத்தனை அவசரமும், அத்தனை நயமான பேச்சும், கடைசியில் அத்தனை மிரட்டலும்.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் இருசக்கர வண்டி என்பது ஆடம்பரம் அல்ல. ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிற பையனுக்கும், விடிவதற்குள் பாலக்கோடு மண்டிக்குப் போக வேண்டிய விவசாயிக்கும், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் ஊர் போய்ச் சேர முடியாத பென்னாகரம் பக்கத்துக் கிராமத்து ஆசிரியைக்கும் வண்டி இல்லாமல் நாள் ஓடாது. அதிலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் டவுனில் ஒன்றோ இரண்டோ ஷோரூம்கள்தான் இருக்கின்றன; தாலுகா ஊர்களில் இருப்பவர்கள் அவர்களுக்குக் கீழே உள்ள சப் டீலர்கள். ‘பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போ’ என்று சொல்வது எளிது. எந்தக் கடைக்குப் போவது? ‘சேலம் போனாலும் இதே ரேட்தாங்க’ என்று அவர்கள் தைரியமாகச் சொல்வதற்குக் காரணமே நமக்கு வேறு வழி குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதுதான்.

அக்கா மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், கடன் வாங்காமல், முழுத் தொகையும் கொடுத்து ஸ்கூட்டர் எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ரொக்கம் என்று சொன்னவுடனேயே அங்கே முகம் மாறிவிட்டது. ரொக்கத்துக்கு எடுத்தால் அந்த நிறம் வர நாளாகும் என்றும், ஃபைனான்ஸ் போட்டால் இந்த வாரமே டெலிவரி கொடுக்கலாம் என்றும் விற்பனையாளர் சொன்னார். பணத்தை முழுதாகக் கொடுக்கிறவருக்கு இல்லாத வண்டி, கடனில் எடுக்கிறவருக்கு எங்கிருந்து வரும்? கடன் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்து ஷோரூமுக்குக் கமிஷன் கிடைக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு எந்த விளக்கமும் இருக்க முடியாது. அவன் பிடிவாதமாக இருந்ததால் ‘சரி, பார்க்கலாம்’ என்று கொட்டேஷன் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வாழ்நாள் வரி, பதிவு, காப்பீடு எதுவும் சேராத எக்ஸ்ஷோரூம் விலை 92,000 ரூபாய். அதற்குக் கீழே ‘ஆர்டிஓ’ என்ற ஒரே வார்த்தைக்கு எதிராக 13,500. இன்சூரன்ஸ் 8,900. அக்சசரீஸ் 4,600. எக்ஸ்டெண்டட் வாரண்டி 1,400. டெஃப்லான் கோட்டிங் 1,200. வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வருவதற்கான அட்டை 600. ஆக, 92,000 ரூபாய் வண்டி ஒரு பக்கத் தாளில் 1,22,200 ரூபாய் ஆகிவிட்டது.

ஆர்டிஓ என்ற அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரியை உயர்த்தியபோது, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வண்டிகளுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்று வைத்தார்கள். அந்தக் கணக்குப்படி 92,000க்கு வரி 9,200. இருசக்கர வண்டிக்கான பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஆர்சி ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். கடனே இல்லாத வண்டிக்கு எச்பி, அதாவது ஆர்சியில் கடனைக் குறித்து வைக்கும் பதிவுக்கான கட்டணமும் கிடையாது. அரசுக்குப் போக வேண்டிய பணம் ஏறத்தாழப் பத்தாயிரம்தான். மீதி மூவாயிரத்துச் சொச்சம் எதற்கு என்று கேட்டேன். ‘அது ஆபீஸ் செலவு சார்’ என்றார்கள். யாருடைய ஆபீஸ், என்ன செலவு, அதற்கு ரசீது உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டபோது பதில் சொல்வதற்குப் பதிலாக டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

அக்சசரீஸ் என்ற வரி இன்னும் கொடுமை. அதில் சாரி கார்டுக்குத் தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை இல்லாமல், பின்னால் ஆள் உட்காரும் வண்டியைத் தயாரிக்கவே கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. ஹெல்மெட்டும் அப்படித்தான்: வண்டி வாங்கும்போது தரச் சான்று பெற்ற ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்பது 138ஆம் விதியில் இருக்கிறது. சட்டம் வண்டியோடு சேர்த்துக் கொடுக்கச் சொன்ன பொருளைத் தனியாக விலைபோட்டு விற்கிறார்கள். சேலை சிக்கி விழுந்து செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்படாத ஊர் நம் பக்கத்தில் உண்டா? அந்தப் பயத்தையும் காசாக்குகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

‘இதெல்லாம் வேண்டாம், வண்டியை மட்டும் கொடுங்கள்’ என்று பையன் சொன்னதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: ‘அண்ணா, இது இல்லாம சிஸ்டம்ல பில்லே வராதுங்கண்ணா. எல்லாரும் இதோடதான் எடுக்கறாங்க.’ பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, ‘அம்மா, தம்பி ஆசையா கேக்குறாப்ல, ஐநூறு ஆயிரத்துக்கெல்லாம் பாக்காதீங்கம்மா’ என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது அந்த இடத்தில்தான். கேள்வி கேட்கிறவரைக் கஞ்சனாகவும், பெற்ற பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்பவராகவும் நாலு பேர் முன்னால் காட்டிவிட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் மானத்துக்குப் பயந்து பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இது விற்பனைத் திறமை அல்ல. ஒரு தாயின் மனத்தை வைத்து நடத்தும் வசூல்.

இன்சூரன்ஸுக்கும் இதே கதைதான். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அந்தத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரையிலான புதிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கும் சேர்த்து 3,851 ரூபாய், அதன் மேல் வரி. அதை எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். மீதித் தொகையில் பெரும்பகுதி நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான ஒரு வருடக் காப்பீடும், அதோடு ஒட்டிய கூடுதல் பாதுகாப்புகளும். அவை வேண்டுமா, வேண்டாமா, யாரிடம் எடுப்பது என்பது முழுக்க முழுக்க வாங்குபவரின் உரிமை. தன்னிடமே எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்த முடியாது. ‘வெளியில இன்சூரன்ஸ் போட்டா கிளைம் இங்க பாக்க மாட்டோம்’ என்று எங்களிடம் சொன்னார்கள். நாளைக்கு வண்டி அடிபட்டு நின்றால் யாரிடம் போவது என்ற பயத்தில் யார்தான் துணிந்து வெளியில் எடுப்பார்கள்?

கார் வாங்குபவர்களுக்குத் தொகைதான் பெரிது, வழிமுறை ஒன்றே. 10 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி பிடிக்கிறார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடிய பணம் என்பதைப் பணம் வாங்கும்போது எத்தனை பேர் எடுத்துச் சொல்கிறார்கள்?

கடன் விஷயத்துக்கு வருகிறேன். இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் மாவட்டங்களில் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எங்கள் தெருவில் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஒரு அம்மா தன் மகனுக்கு பைக் எடுத்துக் கொடுத்தார். 70,000 ரூபாய் கடன், மூன்று வருடம், ‘வட்டி பத்து பர்சென்ட்தாம்மா’ என்று சொல்லியிருக்கிறார்கள். வருடத்துக்கு 7,000 வீதம் 21,000 வட்டியை முதலிலேயே அசலோடு கூட்டி, 91,000ஐ 36 மாதத்துக்கு வகுத்து, மாதம் 2,528 ரூபாய் டியூ என்று போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வட்டி மட்டும் முழு 70,000க்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி கணக்கிடும் முறையில் பார்த்தால் அது ஏறத்தாழ 18 சதவீதம். பத்து என்று சொல்லிப் பதினெட்டு வாங்குவதற்கு நான் வேறு பெயர் வைக்க விரும்பவில்லை. போதாக்குறைக்கு டெஃப்லான் கோட்டிங், அக்சசரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி எல்லாவற்றையும் அந்தக் கடன் தொகைக்குள்ளேயே நுழைத்திருக்கிறார்கள். ஆக, கேட்காமல் கட்டிய சீட் கவருக்கும் அந்த அம்மா மூன்று வருடம் வட்டி கட்டுகிறார். 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் வருடாந்திர மொத்தச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அவரிடம் காட்டியது ஒரு செல்போன் திரை. வாங்கியது ஓடிபி. அவ்வளவுதான்.

விற்பனையில் நிற்கும் பையன்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. காரிமங்கலத்திலிருந்தும் மத்தூரிலிருந்தும் குறைந்த சம்பளத்துக்கு வந்து நிற்கிற நம் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். மாதக் கடைசியில் இத்தனை இன்சூரன்ஸ், இத்தனை ஃபைனான்ஸ், இத்தனை வாரண்டி என்று டார்கெட் வைத்து, முடிக்காவிட்டால் இன்சென்டிவை வெட்டுகிற முதலாளிகள் மீதுதான் என் கோபம் முழுவதும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது டெலிவரி நாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அக்கா மஞ்சள், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வந்திருந்தார். கொட்டேஷனில் ஓரளவு பேரம் பேசிக் குறைத்து, முழுத் தொகையையும் முதல் நாளே கட்டியாகிவிட்டது. வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தி, மாலையும் போட்ட பிறகு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேஷியர் சொன்னார்: ஹேண்ட்லிங் சார்ஜ் 1,500, நம்பர் பிளேட்டுக்கு 800, இரண்டும் பாக்கி இருக்கிறதாம். கொட்டேஷனில் இந்த இரண்டும் இல்லவே இல்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே வண்டியோடு டீலருக்கு அனுப்ப வேண்டும், டீலர் எண்ணைப் பதித்துப் பொருத்தித் தர வேண்டும் என்பதுதான் விதி. ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது எந்த அரசுக் கட்டணமும் இல்லை. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி பத்தே கால் தாண்டிவிட்டது. ‘மாமா, எழுதித் தரச் சொல்லுங்க, அப்புறம் கட்டலாம்’ என்று பையனும் சொல்லிப் பார்த்தான். ‘விடு தம்பி, நேரம் போகுது’ என்று அக்கா பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ரசீது தரவில்லை. நல்ல நேரம் பார்க்கும் குடும்பம் என்று தெரிந்துதான் அந்த நேரத்தில் அந்தக் கணக்கை எடுத்தார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இதே ஊரில், பட்டுக்கூடு ஏல அங்காடியில், வெயிலில் கறுத்த விவசாயிகள் கொண்டுவரும் கூட்டின் விலை எல்லோருக்கும் தெரியத் தெரியத்தான் முடிவாகிறது. ஏசி போட்ட ஷோரூமில் மட்டும் விலையை ஏன் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக, மேசைக்குக் கீழே சொல்ல வேண்டும்? வாழ்நாள் வரி இவ்வளவு, பதிவுக் கட்டணம் இவ்வளவு, கட்டாயமான காப்பீடு இவ்வளவு, மற்றவை அனைத்தும் உங்கள் விருப்பம் என்று ஒவ்வொரு ஷோரூம் வாசலிலும் தமிழில் ஒரு பலகை வைக்கச் சொல்வதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு என்ன தடை? ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது. நேரில் வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

அக்கா கொடுத்த 2,300 ரூபாய்க்கு ரசீதோ, இல்லையென்றால் பணமோ வேண்டும் என்று ஷோரூமுக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பிவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சமீபத்தில் வண்டி எடுத்து, கொட்டேஷனில் இல்லாத பணத்தை ரசீதில்லாமல் கட்டியவர்கள் தங்கள் கொட்டேஷன், பில், இன்சூரன்ஸ் தாள், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றைத் தேடி எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.