கல்லோடு கல்லாக ஒரு வெட்டுக்கிளி

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் மெக்கன்சி வடிநிலம் என்று ஓர் இடம். பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் அங்கே பல கிளைகளாகப் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து, சடை பின்னியதுபோல் ஓடும். நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறக் கூழாங்கல். பார்க்கிறவர்கள் "சும்மா கிடக்கிற நிலம்" என்பார்கள். பிராக்காஸ்பிஸ் ரோபஸ்டஸ் என்ற வெட்டுக்கிளிக்கு உலகத்திலேயே வீடு அது ஒன்றுதான்.

பெண் சுமார் 4 செ.மீ. வளரும், ஆண் ஏறக்குறைய பாதி. சிறகு பெயருக்குத்தான், பறக்காது. உடம்பு கல்லின் நிறம், கல்லின் சொரசொரப்பு. காலடியில் இருந்தாலும் தெரியாது. ஆபத்து என்றால் அப்படியே உறைந்து உட்காரும். தாவினாலும் சரியாக இறங்கத் தெரியாது, பல நேரம் மல்லாந்து விழுந்து காலை உதறும்.

பறவை கண்ணால் தேடும். அதனிடம் தப்ப, அசையாமல் இருந்தால் போதும். வௌவாலைத் தவிர நிலத்துப் பாலூட்டியே இல்லாதிருந்த அந்த நாட்டில், முயலை ஒழிக்கிறோம் என்று 1880களில் ஸ்டோட், வீசல், பெரட் என்ற கீரி போன்ற சிறு வேட்டை விலங்குகளையெல்லாம் கொண்டுவந்து விட்டார்கள். முள்ளெலி, பூனை, எலிகளில் பெரும்பாலானவையும் ஐரோப்பியர் கொண்டுவந்தவை. இவை மோப்பம் பிடித்து வரும். மூக்கால் தேடுகிறவனிடம் கல்லின் நிறம் என்ன செய்யும்?

அதனால் பொறி வைக்கிறார்கள், வேலி போடுகிறார்கள். தேவைதான். ஆனால் பூனையையும் ஸ்டோட்டையும் மட்டும் பிடித்தால், அவற்றுக்கு இரையாக இருந்த சுண்டெலி பெருகும். அதுவும் பூச்சி தின்னும். வேலிக் கம்பிவலையின் கண் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும்.

என் ஆதங்கம் வேறு. எதிரியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் கல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

வெள்ளம் வந்து செடியைப் பிடுங்கி, புதுச் சரளையைப் பரப்பினால்தான் ஆற்றுப்படுகை வெட்டவெளியாக இருக்கும். 1951இல் டெக்காப்போ நிலையத்தில் தொடங்கி 1985 வரை நீர்மின் திட்டங்கள் வந்தன. டெக்காப்போ, புகாகி ஆறுகளின் தண்ணீர் கால்வாய்களுக்குத் திரும்பியது. வெள்ளம் குறைந்த படுகையில் களை நிலைத்து நிற்கிறது. அதில் மோசமானது ரசல் லூபின். சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிற அதே ஊதாப் பூ! அது பயறு வகைச் செடி; தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். மண் கொழுத்ததும் புல்லும் மற்றக் களைகளும் பின்னாலேயே வரும். வெட்டுக்கிளி வெயில் காய வெறுங்கல் இல்லாமல் போகும். முள்ளெலிக்கும் பூனைக்கும் பதுங்க மறைவு கிடைக்கும்.

லூபினைக் காய் முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். காய் காய்ந்தால் நெற்று வெடித்து விதை தெறிக்கும். அது மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒருமுறை பிடுங்கிவிட்டு அடுத்த ஆண்டு போகாவிட்டால் செய்த வேலை வீண். ஆற்றின் மேல்பகுதியில் தொடங்காமல் கீழே பிடுங்கினாலும் அப்படித்தான், தண்ணீர் விதையை மறுபடி கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பூ அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அதன் விதையைச் சாலையோரம் தூவுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மேட்டு நிலத்தில் இன்னொரு கதை. வட்டமாகச் சுற்றும் நீண்ட குழாயால் நீர் தெளிக்கும் சுழல் பாசனம் போட்டு, மாட்டுக்குப் புல் வளர்க்கிறார்கள். வானத்திலிருந்து பார்த்தால் பச்சை வட்டங்கள். அந்த வட்டத்துக்குள் இந்த வெட்டுக்கிளிக்கு இடமில்லை.

இன்னொன்று, வண்டி. படுகையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அது வெறும் சரளை. சக்கரம் வரும்போதும் இந்தப் பூச்சி ஓடாது. பறவைக்குச் செய்வதையே அதற்கும் செய்யும், அசையாமல் உட்கார்ந்திருக்கும்.